நஞ்சைப் பற்றும் மண்

பாலாற்றில் வெள்ளம் ஓடக் காண்பது அபூர்வம். ஆனால் அந்த ஆற்றின் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றை நம்பித்தான் வாணியம்பாடி முதல் செங்கற்பட்டு வரையில் எண்ணற்ற ஊர்களின் குடிநீர்க் கிணறுகளும் நன்செய்களும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தன. அந்த ஊற்று கெட்ட கதை நேயர்களுக்குப் புதியதன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் அது விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற விவசாய ஆராய்ச்சியாளரின் கணக்கை நீதிபதிகள் அதில் எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். கெடுத்தவனே கெட்டதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நியதி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று நிலைநாட்டினார்கள். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆயினும் 28 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2025 ஜனவரி 30-ஆம் தேதி, அதே கோர்ட்டு அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. நஷ்டஈட்டைக் கொடுக்கும்படியும், மேற்பார்வைக்குக் கமிட்டி அமைக்கும்படியும் மீண்டும் ஒரு முறை உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில் ஒரு யோசனை அடிக்கடி நம் காதில் விழுகிறது. கழிவு நீரில் கரைந்துள்ள உலோக விஷங்களை எடுப்பதற்கு விலையுயர்ந்த அந்நிய யந்திரங்கள் வேண்டியதில்லை. களிமண், ஸியோலைட், செம்புறாங்கல் முதலிய இயற்கைக் கனிமங்களே அந்த விஷத்தைப் பற்றி நிறுத்திவிடும். அவை நம் நாட்டிலேயே மலிந்து கிடக்கின்றன என்பதே அந்த யோசனை. சர்வகலாசாலைகளில் இதைப் பற்றி எழுதப்பட்டுள்ள ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. யோசனை உண்மையானது, அருமையானது. ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொண்டால் அதுவே விஷத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைக்கும் தந்திரமாக முடியும். ஆகையால் பொதுக் காரியங்களில் ஈடுபடும் அன்பர்கள் இந்த விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையுடன் ஆராய வேண்டுமென்று விரும்புகிறோம்.

முதலில் உலோக விஷத்தின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்ச் சாக்கடையில் சேரும் அழுக்கில் பெரும் பகுதியைக் காற்றும் வெயிலும் நுண்கிருமிகளும் சேர்ந்து தின்று ஜீரணித்துவிடும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது வேறு வஸ்துவாக மாறிப் போகும். ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம் என்பவை அப்படிப்பட்டவையல்ல. அவை மூலப் பொருள்கள். எரித்தாலும் அழியா, புதைத்தாலும் மக்கா. ஒரு கிராம் ஈயம் ஆற்றில் விழுந்தால், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது எங்கோ ஓரிடத்தில் ஒரு கிராம் ஈயமாகவே இருக்கும். ஆகவே உலோகங்களின் விஷயத்தில் "சுத்தி செய்தல்" என்றால் "அழித்தல்" என்று பொருளன்று. நீரிலிருந்து பிரித்து, ஜனங்களின் வாயிலும் வயலிலும் புகாதபடி ஓரிடத்தில் நிறுத்தி வைத்தல் என்பதே பொருள். குடிநீரில் இவை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் வகுத்துள்ள எல்லையைப் பாருங்கள்: ஒரு லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001. கண்ணுக்கும் நாக்குக்கும் தென்படாத இந்த அற்ப அளவுக்குக் கீழே கொண்டுவருவதுதான் கஷ்டம். நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்கள். அது மிதக்கும் மண்ணை அடியில் தள்ளும் வித்தை. கரைந்து நிற்கும் உலோகமோ தெளிந்த நீரிலும் தெளிவாகவே நின்றுகொண்டிருக்கும்.

மண் அதை எப்படிப் பிடிக்கிறது? இந்த ரகசியம் முதலில் எருக்குழியிலிருந்துதான் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் யார்க்ஷையர் ஜில்லாவில் நிலச்சுவான்தாராயிருந்த ஹாரி ஸ்டீபன் தாம்ஸன் என்பவர், எருவிலுள்ள சத்தை மழைநீர் ஏன் முழுவதும் அடித்துக்கொண்டு போவதில்லை என்று யோசித்தார். மண்ணை ஒரு குழாயில் அடைத்து, அதன் மேல் அம்மோனியா உப்பைப் போட்டு நீர் வார்த்தார். அம்மோனியா மண்ணில் தங்கிவிட்டது. அடியில் வடிந்த நீரில் அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருந்தது. இதை ஜே. தாமஸ் வே என்ற ரசாயன நிபுணர் விரிவாகப் பரிசோதித்து 1850-இல் பிரசுரித்தார். மண் வெறும் சல்லடையன்று. அது ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுக்கும் வியாபாரி என்பது அன்று உலகத்துக்கு விளங்கியது.

காரணம் இதுதான். களிமண் என்பது மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய கட்டு. அந்தத் தகடுகளின் பரப்பில் எதிர் மின்சாரம் நிலைத்திருக்கிறது. அதை ஈடுகட்டுவதற்காக ஸோடியம், கால்ஷியம் போன்ற நேர் மின்சாரமுள்ள அயனிகள் தகடுகளின் இடையே வந்து லேசாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரைந்த ஈயமோ தாமிரமோ துத்தநாகமோ அவ்வழியே வந்தால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வந்த விருந்தாளிக்கு இடம்விட்டு எழுந்து போவதுபோல, ஸோடியம் எழுந்து நீரில் போய்விடுகிறது. ஈயம் அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. இதுவன்றித் தகடுகளின் ஓரங்களில் உலோகத்தை இன்னும் அழுத்தமாகக் கவ்விக்கொள்ளும் இடங்களும் உண்டு. பென்டொனைட் களிமண்ணின் சாரமாகிய மாண்ட்மாரிலோனைட்டில் ஒரு கிராமை எடுத்து அதன் தகடுகளையெல்லாம் விரித்து அளந்தால் ஏறக்குறைய 700 சதுர மீட்டர் பரப்பு வரும் என்கிறார்கள். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் எத்தனை திண்ணைகள் பாருங்கள்! பாத்திரம் செய்யும் வெள்ளைக் களிமண்ணுக்கு இந்தச் சக்தி மிகச் சொற்பம். பென்டொனைட்டுக்கு அதைப்போல் பல மடங்கு. எல்லா மண்ணும் ஒரே மண்ணல்ல.

ஸியோலைட் என்பது வேறு வகை. 1756-இல் ஸ்வீடன் தேசத்துக் கிரான்ஸ்டெட் அதைத் தீயில் காட்டியபோது கல் நுரைத்துப் பொங்கியதால், "கொதிக்கும் கல்" என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். உள்ளே தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகள். அறைகளில் நீரும் அயனிகளும். இதன் இனத்தைச் சேர்ந்த கிளைனாப்டிலோலைட் என்ற கல்லின் திறமைக்குச் சாட்சி வேண்டுமானால், இங்கிலாந்தின் ஸெல்லாபீல்டு அணுசக்தி நிலையத்தைச் சொல்லலாம். அங்கே 1985-இல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தில், கலிபோர்னியாப் பாலைவனத்திலிருந்து தருவித்த இந்தக் கல்லின் பொடியை நிரப்பி, அணுக் கழிவு நீரை அதன் வழியே செலுத்தினார்கள். ஸீஸியம், ஸ்ட்ரான்ஷியம் என்னும் கதிர்வீச்சு விஷங்கள் கல்லில் தங்கின. கடலுக்குச் சென்ற விஷத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. நவீன விஞ்ஞானத்தின் உச்சியில் நிற்கும் ஆலை பூமியில் தோண்டியெடுத்த கல்லை நாடியது கேலிக்குரிய விஷயமன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்தி தீர்ந்த கல்லை அவர்கள் குப்பைமேட்டில் கொட்டவில்லை. தனித் தொட்டிகளில் பூட்டி வைத்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி நம் பாலாற்றுக்கு வருவோம். இங்கே முக்கிய விஷம் குரோமியம். பழைய காலத்தில் நம் நாட்டுத் தோலை ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். குரோமியத்தைக் கொண்டு பதனிடும் முறையை 1903 முதல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் பரிசோதித்துப் பரப்பினார். அப்போது அவர் அந்தத் தோலுக்குக் கண்ட ஒரு பிரயோஜனம் என்ன தெரியுமா? கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைக்கு அது நல்லது. தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது என்பதுதான். குடியானவனின் கிணற்றுக்கு உதவ வந்த பொருளே பின்னால் அவன் கிணற்றைக் கெடுத்தது காலத்தின் கோலம். அதற்காக நாம் சாட்டர்டனைக் குறை கூறவில்லை. ஒரு வித்தையைக் கொண்டு வந்தவர் மீதல்ல, அதன் கழிவை ஆற்றில் விட்டவர்கள் மீதும் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மீதுமே தோஷம்.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. இதை அறியாமல் இந்த விஷயத்தில் ஓரடி எடுத்து வைக்கலாகாது. தோல் பதனிடும் உப்பில் இருப்பது மூன்றாம் நிலைக் குரோமியம். பச்சையும் நீலமும் கலந்த நிறம், நேர் மின்சாரமுள்ளது, விஷம் குறைவு, காரம் சிறிது ஏறினாலே நீரில் கரையாமல் படிந்துவிடும். மற்றது ஆறாம் நிலைக் குரோமியம். மஞ்சள் நிறம், பிராண வாயுவுடன் சேர்ந்து எதிர் மின்சாரம் தாங்கி நிற்பது, நீரில் நன்றாகக் கரைந்து மண்ணுக்கடியில் நெடுந்தூரம் ஓடக் கூடியது, புற்றுநோய் விளைவிப்பது. கழிவு நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கும்போது, இந்த ஆறாம் நிலைக்கு மட்டும் 0.1 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருப்பதிலிருந்தே அதன் கொடுமையை ஊகிக்கலாம்.

இப்போது களிமண்ணின் குணத்தை நினைத்துப் பாருங்கள். களிமண்ணின் பரப்பு எதிர் மின்சாரம். ஆறாம் நிலைக் குரோமியமும் எதிர் மின்சாரம். ஒன்றையொன்று தள்ளுமேயன்றிப் பற்றாது. ஸியோலைட்டும் இவ்விதமே. எவ்வளவு விலை கொடுத்து எத்தனை வண்டி பென்டொனைட் கொண்டுவந்து கொட்டினாலும், இந்த மஞ்சள் விஷம் அதனூடே நடந்து போய்விடும். "இயற்கை மண் விஷத்தை எடுக்கும்" என்று பொதுவாகச் சொல்லி யாராவது ஊராரிடம் வந்தால், "எந்த மண்? எந்த விஷம்?" என்ற இரண்டு கேள்விகளை நம் தொண்டர்கள் உடனே கேட்க வேண்டும்.

ஆறாம் நிலைக்கு ஏற்ற மண்ணும் உண்டு. செம்புறாங்கல்லை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மலையாளத்தார் வெட்டுக்கல் என்பார்கள். மலபாரில் அங்காடிப்புரத்தில் அதைக் கண்ட பிரான்ஸிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் யாத்திரை நூலில் அதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். இந்தக் கல்லைச் சிவக்கச் செய்வது அதிலுள்ள இரும்புத் துரு. இரும்பு, அலுமினியம் இவற்றின் ஆக்ஸைடுகள் நீரில் சற்றே புளிப்பிருந்தால் நேர் மின்சாரம் ஏற்கும். அப்போது எதிர் மின்சார விஷங்களை இழுத்துப் பிடிக்கும். வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் பாஷாணம் கலந்து ஜனங்கள் பட்ட துன்பத்தை நேயர்கள் அறிவார்கள். அந்தப் பாஷாணத்தைப் பிடிக்க, காரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தார் செம்புறாங்கல்லை அமிலத்தாலும் காரத்தாலும் பதப்படுத்தி வடிகட்டிகள் செய்திருக்கிறார்கள். ஆறாம் நிலைக் குரோமியத்தையும் இது பற்றும். இரும்பே துணையாக வந்து, அதை விஷம் குறைந்த மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடும் வழியும் உண்டு. ஆனால் நீரில் காரம் ஏறினால் இந்தப் பிடி தளரும். ஸல்பேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் அவை போட்டிக்கு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் கழிவில் ஸல்பேட்டுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தபடியாக, கணக்கைப் பார்ப்போம். நல்ல யோசனைகள் பல இந்த இடத்தில்தான் இடறி விழுகின்றன. ஒரு கிராம் மண் 10 மில்லிகிராம் குரோமியத்தைப் பற்றும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முன்பே ஓரளவு சுத்தி செய்த கழிவு நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மிஞ்சியிருக்கிறதென்றால், ஒரு லட்சம் லிட்டரில் இருப்பது ஒரு கிலோ குரோமியம். அதைப் பிடிக்க 100 கிலோ மண் போதும். இரண்டு ஆட்கள் சுமந்து போட்டுவிடலாம். ஆனால் தோல் ஊறிய குரோமியத் தொட்டியிலிருந்து நேரே வடியும் நீரில் லிட்டருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மில்லிகிராம் இருப்பது சாதாரணம். மூவாயிரம் என்று வைத்தால் ஒரு லட்சம் லிட்டரில் 300 கிலோ குரோமியம். அதற்கு வேண்டிய மண் 30 டன்! பத்து நாளில் 300 டன் விஷ மண் குவிந்துவிடும். ஆகவே கெட்டியான கழிவுக்கு மண் மருந்தல்ல. எல்லா வேலையும் முடிந்த பின் கடைசியாக எஞ்சி நிற்கும் சொற்பத்தை வழித்தெடுப்பதற்கே அது உரியது.

கெட்டியான கழிவுக்கு வேறு வழியிருக்கிறது. அது லாபமுள்ள வழியுங்கூட. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்கிறது; மிச்சம் காசு கொடுத்து வாங்கிய சரக்கு, சாக்கடையில் போகிறது. அந்த நீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனியே பிடித்து, மக்னீஷியாவைச் சேர்த்தால் குரோமியம் அடியில் படியும். படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பதனிட உதவும். 1948-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையை நெடுநாளாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. மக்னீஷியாவுக்கு மூலமான வெள்ளைக்கல் சேலத்துக் கரடுகளிலேயே வெட்டி எடுக்கப்பட்டு வந்தது. இந்த மீட்பு வேலையைச் செய்யாமல் "மண்ணைப் போட்டு வடிகட்டுகிறோம்" என்று ஒரு முதலாளி சொன்னால், அது வீட்டுக் கூரை எரியும்போது வாசலில் தண்ணீர் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு தடை உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே கொண்டு வருகிறார்கள். அந்த உப்பெல்லாம் முதல் கழுவலில் நீரில் இறங்குகிறது. ஸோடியம் கடல்போல் நிறைந்த நீரில், திண்ணையிலிருந்து ஒரு ஸோடியம் எழுந்தால் அந்த இடத்துக்கு ஆயிரம் ஸோடியம் காத்து நிற்கிறது; உலோகத்துக்கு இடம் எங்கே? பரிசோதனைச் சாலையில் வாலை நீரில் ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்து, அதில் மண்ணைப் போட்டுக் குலுக்கி, "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீங்கிற்று" என்று எழுதுகிறார்கள். அந்த நீரும் ஆம்பூர்க் கழிவும் ஒன்றல்ல. தவிரவும், களிமண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இயல்பாகவுள்ள காரத்தினால் மூன்றாம் நிலைக் குரோமியம் தானாகவே படிந்திருக்கும். அதையும் மண் பற்றியதாகக் கணக்கெழுதும் ஆராய்ச்சிகளும் உண்டு. நம் ஆராய்ச்சியாளர்களின் உழைப்பை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் உண்மையான கழிவு நீரை, உண்மையான தொட்டியில், மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்த பரிசோதனை ஒன்றுக்கு, குடுவையில் குலுக்கிய பரிசோதனை நூறு ஈடாகாது என்பது நம் அபிப்பிராயம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம், விஷத்தைப் பற்றிய மண்ணை என்ன செய்வது என்பது. இதில் ராணிப்பேட்டை நமக்குக் கற்பித்திருக்கும் பாடம் கொடியது. அங்கே குரோமேட் உப்புக்கள் செய்த ஓர் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, சுமார் இரண்டு லட்சம் டன் குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. ஒவ்வொரு மழையிலும் அந்த மலை கரைந்து மஞ்சள் நீராகப் பூமிக்குள் இறங்கியது. அதே ஊரில், 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்துத் தோல் ஷாப்பில் பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேரை மூழ்கடித்துக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். நீரைச் சுத்தி செய்வதாகச் சொல்லி விஷத்தைச் சேறாக்கி, சேற்றைப் பற்றிச் சிந்திக்காமல் விட்டால் வரும் கேடு இதுதான். நீருக்குப் பதில் மண்ணில் விஷத்தை ஏற்றினாலும் அதே கேள்வி அப்படியே நிற்கிறது.

விஷ மண்ணைச் செங்கல்லாகச் சுட்டுவிடலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஈயம், துத்தநாகம் முதலியவற்றுக்கு இது ஓரளவு பொருந்தலாம். குரோமியத்துக்கு இது ஆபத்து. குரோமியமுள்ள மண்ணைச் சுண்ணாம்போடோ ஸோடா உப்போடோ சேர்த்துக் காற்றோட்டத்தில் சுட்டால், சாதுவான மூன்றாம் நிலை கொடிய ஆறாம் நிலையாக மாறும். குரோமேட் ஆலைகள் தங்கள் சரக்கைச் செய்யும் முறையே அதுதான்! காலவாய்க்காரர் அறியாமலே ஒரு சிறிய குரோமேட் ஆலையை நடத்துகிறவராவார். வெறும் நிலத்தில் புதைப்பதும் பத்திரமன்று. மண்ணில் மாங்கனீஸ் ஆக்ஸைடு இருந்தால், தீயில்லாமலே மெல்ல மெல்ல இந்த மாற்றம் நடக்கக் கூடும். ஆகவே கழிவு மண்ணை ஸிமெண்டில் கட்டியோ, நீர் புகாத அடித்தளமிட்ட குழியிலோ வைத்து, சுற்றிலும் கிணறு தோண்டி நீரைப் பரிசோதித்துவர வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இத்தகைய குழி உண்டு. அங்கே கொண்டு போகும் வண்டிச் சத்தத்தையும் குழிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்த பின்புதான் "மலிவு" என்ற சொல்லை உபயோகிக்கலாம்.

இவ்வளவும் சொன்னதால் நாம் இந்த யோசனையைக் கைவிடச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஏற்ற இடத்தில் இதற்கு ஈடில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள சிறு முலாம் பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரம், துத்தநாகம், நிக்கல் முலாம் பூசியபின் சாமானை அலசும் நீரில் உப்பு அதிகமில்லை, உலோகமும் கொஞ்சம், நாளொன்றுக்குச் சில ஆயிரம் லிட்டர். பெரிய நிலையம் கட்ட அந்தப் பட்டறைக்காரருக்குச் சக்தியில்லை. ஆனால் நல்ல களிமண் உருண்டைகளோ ஸியோலைட்டோ நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் வைக்க அவரால் முடியும். ஒன்று நிறைந்தால் மற்றொன்று. நிறைந்ததை ஒரு பொது நிலையத்தில் கொடுத்து உலோகத்தைக் கழற்றி எடுக்கச் செய்யலாம். இவ்வகை வேலைக்கு மண் கைகண்ட மருந்து.

சரக்கு எங்கே கிடைக்கும்? பென்டொனைட் கட்ச்சிலும் ராஜஸ்தானத்துப் பார்மரிலும் உண்டு. ஸியோலைட்டுகள் தக்காணத்துக் கருங்கற் பாறைகளில் அழகிய படிகங்களாகக் கிடைத்தாலும், அவை பாறைப் பொந்துகளில் பூத்தவை. காட்சிச்சாலைக்கு உகந்த அளவுக்கு வடிகட்டிக்கு உகந்தவையல்ல. ஆனால் திருப்பத்தூர் ஜில்லாவிலேயே, வாணியம்பாடிக்கு வெகு தூரமில்லாத சேவாத்தூரில், வெர்மிகுலைட் என்ற கனிமத்தைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுத்து வந்திருக்கிறது. காக்காப்பொன்னின் உறவினமான இந்தத் தகட்டுக் கல்லுக்கு அயனி மாற்றும் சக்தி பென்டொனைட்டுக்கும் மேற்பட்டது. சூட்டில் பொரியும் அந்தக் கல் வெப்பம் தாங்கும் பூச்சுக்கும் பூந்தொட்டிக்கும் விலைபோகிறது. விஷம் இருக்கும் ஜில்லாவிலேயே அதைப் பற்றக் கூடிய கனிமமும் இருக்கும்போது, அதை அதே இடத்தில் முறையாகச் சோதித்துப் பார்க்கும்படி கேட்பது அதிகப் பிரசங்கித்தனமாகாது.

சர்க்காரிடமும் தோல் ஆராய்ச்சி நிலையத்திடமும் நாம் கோருவது பெரிய திட்டமல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மூன்றிடங்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசித் தொட்டிக்கு அருகிலும் ஒரு கொட்டகை போடட்டும். சேவாத்தூர்க் கல் ஒரு குழாயில், செம்புறாங்கல் ஒரு குழாயில், பென்டொனைட் ஒரு குழாயில் நிரப்பி, அந்தந்த ஊர்க் கழிவையே, கோடை ஒன்று, அடைமழை ஒன்று என்று ஓராண்டு முழுவதும் ஓடவிடட்டும். செலவு ஷாப்புக்காரர்களுடையது, 1996 தீர்ப்பின்படி அது அவர்கள் கடமை. உள்ளே போகும் நீரில் இரண்டு நிலைக் குரோமியமும் தனித்தனியே எவ்வளவு, வெளியே வரும் நீரில் எவ்வளவு, கழித்த மண் எத்தனை கிலோ, அது எந்த வண்டியில் எங்கே போயிற்று என்ற நான்கு கணக்குகளையும் அன்றன்று ஒரு பலகையில் தமிழில் எழுத வேண்டும். அந்தப் பலகை நிலையத்தின் கேட்டுக்கு உட்புறத்தில் இருக்கலாகாது. ஆற்றோரத்துக் கிராமங்களின் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், தண்ணீர்க் குடத்துடன் போகிறவர்கள் நின்று படிக்கக் கூடிய உயரத்தில் அதை மாட்ட வேண்டும்.